பதினோரு தாய்ப்பன்றிகளும் உன் கல்யாணமும்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். பதினோரு தாய்ப்பன்றிகளும் நன்றாக இருக்கின்றன. நீ எப்படி இருக்கிறாய் என்பதைத்தான் கேட்க வேண்டும். போனில் பேசலாம் என்றால், நீ செய்யாறு ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் "சரி நைனா, சரி நைனா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பார். பத்தாம் வகுப்பில் தமிழைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தவறியவன் எழுதுவது இது. எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். விஷயத்தை மட்டும் திருத்தாதே.

போன வாரம் வந்திருந்தபோது நீ கேட்டதற்கு என் பதில், விற்கமாட்டேன் என்பதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பன்றிகளை எல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கொட்டிலைக் கழுவிப் பூட்டிவிடச் சொன்னாய். பெண் வீட்டு வந்தவாசிக்காரர்கள் இங்கே வந்து போகும்போது அந்த வாடையே இருக்கக் கூடாது என்றாய். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். எனக்குப் பதில் யோசிக்க ஒரு வாரம் ஆகும் என்பது உன் அம்மாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் தரகர் "ஆரணி, பட்டுக் குடும்பம்" என்றார். அது ஒரு வகையில் உண்மைதான். உடனே பெண்ணின் அப்பா, ஜவுளிக்கடைக்காரர் அல்லவா, "எத்தினி தறி ஓடுது?" என்று கேட்டார். நீ கண்ணைக்கூட இமைக்காமல் "நாலுங்க" என்றாய். நம் வீட்டில் ஓடுவது ஒரே தறி. அதுவும் உன் அம்மா ஓட்டுவது. நான் அப்போதே திருத்தியிருக்க வேண்டும். என் வாயில் கேசரி இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு எந்தக் கல்யாண மண்டபம் என்பதற்குப் போய்விட்டது. கேசரி ஒரு சாக்கு என்பது எனக்கே தெரியும்.

ஏன் விற்கமாட்டேன் என்று சொல்கிறேன். உன் படிப்புக்குப் பன்றிதான் காசு கொடுத்தது என்று சொல்லிக் காட்டமாட்டேன். (சொல்லிவிட்டேன், போகட்டும்.) காரணம் அது இல்லை. அந்தப் பன்றிகள் எப்படிக் காலூன்றி நிற்கின்றன என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. அந்த வருடம் நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தாய். உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று நாங்களும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், படித்துவிட்டு நீயே முடிவுக்கு வா.

நான் எப்படிப்பட்ட நெசவாளி என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் நெய்த சேலையில் கரை நேராகப் போனதே கிடையாது. நெய்வதற்குப் பாவு நூல் கொடுத்த முதலாளி ஒருமுறை என் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, "இத கட்டினு நடந்தா பொம்பளைங்க கோணலாத்தான் போவாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் கால்நடைத் துறைக்காரர்கள் நடத்திய முகாமுக்குப் போனேன், வெள்ளைப் பன்றி வளர்த்தால் நல்ல வருமானம் என்றார்கள், ஆற்றோரம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தேன். கொட்டில் கட்டும்போது எனக்குத் தெரிந்த ஒரே நல்ல தரை எது? பட்டு நெய்கிற வீட்டுத் தரை. நம் வீடுகளில் தரையில் ஒரு சொரசொரப்பு இருந்தால் போதும், பட்டு இழுத்துக்கொள்ளும், சேலை கெட்டது. அதனால் பன்றிக் கொட்டிலுக்கும் சிவப்பு சிமெண்ட் பூசச் சொல்லி, கண்ணாடி மாதிரி தேய்க்க வைத்தேன். கொத்தனார், "இதுல பன்னி நிக்கப்போவுதா, பொண்ணு பாக்க வர்றவங்க உக்காரப் போறாங்களா?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சிரித்தேன். தரையில் தண்ணீர் பட்டதும் பன்றிகள் நாலு காலையும் நாலு பக்கம் விட்டு வழுக்கி விழுந்தன. அதைச் சரிசெய்கிறேன் என்று நானே உளியை எடுத்து, வழவழப்பாக இருந்த இடம் அத்தனையையும் கொத்திவிட்டேன். இப்போது தரை கத்தி மாதிரி ஆகிவிட்டது. வழுக்கியதில் பாதி, கொத்தியதில் பாதி, எல்லாமாகச் சேர்ந்து குளம்பு வெடிக்க ஆரம்பித்தது.

பன்றி நொண்டினால் என்ன ஆகும் என்று நீ நினைக்கலாம். பால் கொடுக்கும் பன்றிக்குக் கால்தான் எல்லாம். கால் வலித்தால் எழுந்து தீவனத்துக்கு வராது, தண்ணீருக்கு வராது. சாப்பிடாவிட்டால் பால் ஊறாது. படுக்கும்போது மெதுவாக முட்டி போட்டு, பக்கவாட்டில் சாய்ந்து படுக்க வேண்டியது, வலியில் தொப்பென்று விழும். அடியில் குட்டி இருக்கும். காலையில் கொட்டிலுக்குப் போனால், நசுங்கிக் கிடக்கும் குட்டிகளைத்தான் முதலில் எடுத்துப் போட வேண்டியிருந்தது. சில தாய்ப்பன்றிகள் நாய் மாதிரி பின்பக்கத்தை ஊன்றி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் வேலை இருப்பது போல வெளியே வந்து சும்மா நின்றுகொண்டிருப்பேன்.

அந்த நேரத்தில் உன் அம்மாவுக்கு முட்டிவலி. டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார், அவளுக்கும் கொஞ்சம் தேவலை ஆயிற்று. எனக்குப் பொறி தட்டியது. கால் வலிக்கு கால்சியம். பன்றிக்கும் கால்தானே? கிளிஞ்சல் மாவு ஒரு மூட்டை வாங்கி வந்து, தவிட்டோடும் ஓட்டலில் மீந்த சாப்பாட்டோடும் கை நிறைய அள்ளிப் போட்டேன். ஒரு வாரத்தில் குணமாகவில்லை என்று இரண்டு கை போட்டேன். கொஞ்ச நாளில் அதுகளுக்குத் தோல் எல்லாம் சொறி பிடித்த மாதிரி தடித்து, காய்ந்த சேறு போலப் பக்கு கட்டியது. குளம்பு இன்னும் மோசம். குதிகால் பக்கம் பிளந்துகொண்டே போயிற்று. நான் அது சேற்றுப்புண் என்று நினைத்து, இன்னும் ஒரு கை போட்டேன். நான் எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை, தப்பாக இருந்தாலும் முழுதாகச் செய்வேன்.

வேலூரிலிருந்து கறிக்கு வாங்குகிற ஆள் வண்டியோடு வந்துவிட்டார். வாசம் பிடித்து வருவார்கள் அவர்கள். "ஜல்தியா ஏத்திடு நைனா. இன்னும் ஒரு மாசம் போனா இதுங்கள தூக்கிகினுதான் வரணும்" என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பன்றிமேல் ஒன்றும் பாசம் கிடையாது. இன்றுவரை நான் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும், தறிப்பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அவள் தறியை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"என்னாத்துக்கு விக்கற?"

"நொண்டுது. ஒண்ணும் எழுந்து நிக்கல."

"நானும் ஆறு மாசமா நொண்டிகினுதான் இருக்கேன். என்னையும் வண்டில ஏத்திடறியா?"

"அது வேற, இது வேற."

"என்னா வேற? நீ தரைய கொத்தி வச்ச. நீ கண்டத அள்ளிப் போட்ட. அதுங்க பண்ணின தப்பு என்னா? மொதல்ல டாக்டர கூப்டு. அப்புறம் அந்தாளு வண்டிய பத்தி பேசலாம்."

டாக்டரைக் கூப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் சொன்னால் நீ சிரிப்பாய். கால்நடை டாக்டரம்மா நேராகத் தரையைப் பார்ப்பார்கள், அதை யார் போட்டது என்று கேட்பார்கள். அதுதான் என் பயம். நினைத்தபடியே நடந்தது. அரசு கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் கொட்டில் தரையில் இரண்டு அடி வைத்தார்கள். "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கிக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இதுல வெறுங்கால்ல ஒரு நாள் இருந்து பாருங்க" என்றார்கள். தீவனத்தைப் பார்த்தார்கள். கிளிஞ்சல் மாவு மூட்டையைப் பார்த்தார்கள்.

"இதை எவ்ளோ போடறீங்க?"

"கை நிறையங்க."

"யார் கை?"

"என் கைங்க."

என் கையைப் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வை.

பிறகு பொறுமையாகத்தான் சொன்னார்கள். குளம்பு கெட்டியாக வளர துத்தநாகம் வேண்டும், செம்பு வேண்டும், மாங்கனீசு வேண்டும், பயோட்டின் என்று ஒரு வைட்டமின் வேண்டும். எல்லாம் துளித்துளிதான், ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் குளம்பு மெழுகு மாதிரி ஆகிவிடும். சினையாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் தாய் தன் உடம்பில் இருப்பதை எடுத்துக் குட்டிக்குக் கொடுத்துவிடும், அதனால் அதற்குத் தேவை அதிகம். சுண்ணாம்புச் சத்தும் வேண்டியதுதான், ஆனால் அளவுக்கு மீறினால் துத்தநாகத்தை உடம்பில் சேரவே விடாது. தவிட்டிலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஏதோ ஒன்று இருக்கிறதாம். ஆகக்கூடி, நான் ஒரு பக்கம் தவிட்டைப் போட்டு, மறுபக்கம் கிளிஞ்சல் மாவைப் போட்டு, நடுவில் இருந்த கொஞ்சநஞ்சத்தையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். தோல் பக்கு கட்டியதும் அதனால்தான். நான் ஏதோ மருந்து கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாது உப்புக் கலவை எழுதிக் கொடுத்தார்கள். எடை போட்டுக் கலக்க வேண்டும், கையால் அள்ளக் கூடாது. நொண்டுகிறதுக்கு மட்டும் இல்லை, நன்றாக இருக்கிறதுக்கும் கொடுக்க வேண்டும். தரையை மறுபடி பூசி, ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிடச் சொன்னார்கள். அவ்வளவு சொரசொரப்பு போதும். வெடித்த இடத்தைச் சீவிச் சுத்தம் செய்து ஊதா மருந்து தடவ வேண்டும். கொட்டில் வாசலில் தொட்டி கட்டி, மயில்துத்தம் என்கிற நீல உப்பைக் கரைத்து, வாரத்தில் சில நாள் அதில் நடக்க விட வேண்டும். எல்லாவற்றையும் செய்தேன். உன் சித்தப்பன் ஒருநாள் வந்தான். நான் ஒரு பன்றியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, குளம்புக்கு ஊதா மருந்து தடவிக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணே, நெயில் பாலிஷா?"

"ஆமாண்டா. அடுத்தது நீதான், கால நீட்டு."

"ஊரெல்லாம் கூறைப்புடவை நெய்யுது. நம்ம வூட்டாளு பன்னிய கல்யாணத்துக்கு ரெடி பண்றாரு."

அவன் பேச்சு அப்படித்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து அந்தப் பன்றியின் தலையைப் பிடித்துக்கொண்டவனும் அவன்தான். வாய் வேறு, கை வேறு அவனுக்கு.

இரண்டு வாரம் போயிற்று. ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பேஜார் ஆகிவிட்டது. தாது உப்பை இரண்டு மடங்கு போடலாமா என்று கேட்க டாக்டரம்மாவிடம் போனேன். நல்லவேளை, இந்த முறை போடுவதற்கு முன்னால் கேட்டேன். "ஏங்க, உங்க கை நகத்துல ஒரு கீறல் விழுந்தா மறுநாளே ஒட்டிக்குமா?" என்றார்கள். "குளம்பு வெடிப்பு ஒட்டவே ஒட்டாதுங்க. மேலேருந்து புதுசா நல்ல குளம்பு வளந்து வரும். அது வளர வளர வெடிப்பு கீழ இறங்கி, தரையில தேஞ்சு போகும். மாசக்கணக்கா ஆகும். நீங்க இன்னிக்கு குடுக்கறது அடுத்த ஈத்துலதான் தெரியும்." நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "அப்ப மாசக்கணக்கா குடு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மாசக்கணக்காகக் கொடுத்தேன். தினமும் எடை போட்டு, தினமும் கலக்கி, பலன் தெரியாத ஒரு காரியத்தைச் செய்தேன். நானா என்று எனக்கே சந்தேகம். இரண்டை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, உள்ளே சீழ் வைத்துவிட்டது. மற்றவற்றுக்குக் குளம்பு மயிரோரத்திலிருந்து புதிதாக, வழவழவென்று இறங்கி வருவதைப் பார்த்தேன். அடுத்த ஈற்றில் தீவன வாளியைத் தட்டிய சத்தம் கேட்டதும், ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஒன்றுகூட நாய் மாதிரி உட்காரவில்லை. குட்டிகளைப் பார்த்துப் பார்த்து மெதுவாகச் சாய்ந்து படுத்தன. வேலூர்க்காரர் வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல நைனா, ஜோரா நிக்கிதுங்களே" என்று வெறும் வண்டியோடு போனார். வாழ்க்கையில் நான் நேராகச் செய்து முடித்த ஒரே காரியம் அது. அதைத்தான் நீ கழுவிப் பூட்டச் சொல்கிறாய்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த புத்தி கொஞ்சம்தான். உன் பெண்டாட்டிக்கு எங்கேயாவது வலித்தால், நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டு கை நிறைய அள்ளிப் போடாதே. என்ன வேண்டும் என்று அவளையே கேள். வலிக்கிற அன்றைக்கு மட்டும் கவனித்துவிட்டு நன்றாக இருக்கிற அன்றைக்கு மறந்துவிடாதே. நான் உன் அம்மாவிடம் இந்த இரண்டையும் தப்பாகத்தான் செய்தேன். அவள் பொறுத்துக்கொண்டது அவளுடைய நல்ல குணம், எல்லாருக்கும் அது இருக்கும் என்று நம்பி இறங்காதே.

இனி இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயம். முந்தாநாள் காலை, கொட்டிலின் மூன்றாவது தடுப்பில் ஒன்றுக்குக் குளம்பு நீண்டுபோய்விட்டது என்று வெட்டிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. நீ கட்டிக்கொள்ளப்போகிறவள்தான். எடுத்தேன்.

"மாமா, நான் வந்தவாசிலேருந்து பேசறேன். அத்தை இருக்காங்களா? கூறைப்புடவைக்கு கலர் சொல்லச் சொன்னாங்க."

"அத்தை வூட்ல தறில இருக்குதும்மா. நான் பண்ணைல இருக்கேன்."

"என்ன பண்ணை மாமா?"

அந்த நேரம் பார்த்துப் பன்றி கத்தியது. நீ கேட்டிருக்கிறாய் அந்தச் சத்தத்தை. கோழி என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது உண்மை. அந்தக் கோழியை யாரும் நம்பமாட்டார்கள்.

"பன்னிப் பண்ணைம்மா. ஒண்ணுக்கு குளம்பு வெட்டிகினு இருக்கேன்."

பன்றியின் காலை விட்டுவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அதுக்கு வலிக்குமா மாமா?"

"நகம்தாம்மா. அளவா வெட்டினா வலிக்காது."

"அப்போ நாலு தறின்னு சொன்னது?"

"ஒண்ணுதாம்மா. அதுவும் உங்க அத்தையோடது."

"அவரு என்கிட்ட தனியா எத்தினியோ வாட்டி போன்ல பேசியிருக்காரு. அப்பகூட சொல்லலியே."

"உங்க வூட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு பயந்திருப்பாம்மா."

"எங்க வூட்ல ஒத்துக்கறாங்களா இல்லியான்னு அப்புறம் பாக்கலாம் மாமா. என்கிட்ட ஏன் சொல்லல?" சாக்குச் சொல்ல இந்த முறை வாயில் கேசரியும் இல்லை. அவளே பேசினாள். "எங்கப்பாகிட்ட நீங்க சொல்லிடாதீங்க. நானும் சொல்லமாட்டேன். அவரு வந்து சொல்லட்டும்."

"அவங்கிட்ட சொல்றேம்மா. கலரு?"

"அவரு வரட்டும் மாமா" என்று வைத்துவிட்டாள்.

கோபமாகப் பேசினாள் என்று நினைக்காதே. கோபமாக இருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், உன் அம்மாவோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள். பன்றிக்கு வலிக்குமா என்று கேட்ட பிறகுதான் தறியைப் பற்றிக் கேட்டாள் என்பதை மட்டும் நீ ஞாபகம் வைத்துக்கொள்.

நான் உனக்காகப் போய்ச் சொல்லமாட்டேன். தரகரையும் அனுப்பமாட்டேன். பன்றிகளையும் அனுப்பமாட்டேன். உனக்கு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லை. காலையிலேயே செய்யாறில் பஸ் ஏறி வந்தவாசிக்குப் போ. முதலில் அவளிடம் சொல், பிறகு அவள் அப்பாவிடம் சொல். என்னை வரச் சொல்லாதே, இங்கே ஒன்று ஈனுகிற நாள், என்னால் நகர முடியாது. நகர முடிந்தாலும் வரமாட்டேன். அவர் உன்னைத் திட்டினால் வாங்கிக்கொள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால், எழுந்து கும்பிட்டுவிட்டு நேராக இங்கே வா, உன் அம்மா சாப்பாடு வைத்திருப்பாள், யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம்.

உன் அம்மா பட்டு நூலைச் சாயத்துக்கு அனுப்பாமல் அப்படியே வெள்ளையாக வைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று என்னிடம், "என்னா கலரு சொல்லிச்சி?" என்று கேட்டாள். "பையன்கிட்ட சொல்றேன்னு சொல்லிச்சி" என்றேன். நீ போய்க் கேட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் நைனா